பன்னிரண்டு டிகிரிப் பொய்

காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டி பம்பலப்பிட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் மொரிஸ் மைனரின் வெப்பமானி முள் முக்கால்வாசி ஏறிவிடும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு சிவப்பு விளக்கும் எனக்கு ஒரு கண்டம். பக்கத்தில் நிற்கும் த்ரீவீலர்க்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, சூடாகுது போல" என்பார். ஆகுது, தெரியும். 2022 கடைசியில் இதுதான் என் அன்றாடம்.

கார் அப்பாவுடையது. 1958ஆம் ஆண்டு மைனர் 1000. அதன் சொந்த எஞ்சின் 948 சிசி. அறுபது வருடம் உழைத்து, கடைசியில் பெற்றோலுக்குச் சமமாக ஒயிலும் குடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த நிலைக்கு வந்த மைனருக்குக் கொழும்பில் பலர் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. நிசான் சனி காரிலிருந்து இறக்கிய ஏ 12 எஞ்சினை, 1171 சிசி, அதன் கியர்பொக்ஸோடு சேர்த்து உள்ளே வைப்பது. 2020இலிருந்து வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டிருந்ததால், இருக்கிற காரைக் காப்பாற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

மைனர் பிரியர்கள் சிலருக்கு இந்த வைத்தியம் பிடிக்காது. "காரின் உயிரைப் பிடுங்கிவிட்டாய்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. நிசான் 1950களில் ஒஸ்டின் ஏ 40, ஏ 50 கார்களை உரிமம் பெற்றுத் தன் தொழிற்சாலையில் செய்த கம்பனி. ஏ 12, மைனரில் இருந்த ஒஸ்டின் எஞ்சினின் நகல் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூரத்துச் சொந்தம் போலத்தான் இருக்கும். சிலிண்டர்கள் பற்றுகிற வரிசை, பயரிங் ஓடர் கூட இரண்டுக்கும் 1-3-4-2. ஆகவே இது கலப்புத் திருமணம் இல்லை, சொந்தத்துக்குள் நடந்த சம்பந்தம் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

எஞ்சின் வைத்த கதையை நீட்டப் போவதில்லை. மவுண்டிங் வெட்டி ஒட்டியது, ஷாஃப்டின் நீளத்தைச் சரிசெய்தது எல்லாம் ஒரு கராச்சில் நடந்தது, நன்றாகவே நடந்தது. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்திலும் மாற்ற வேண்டும். விற்கிற நாள் வரை அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை முடிந்து கார் வீட்டுக்கு வந்தபோது நாட்டில் பெற்றோல் இல்லை. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். புது எஞ்சினை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய காலத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒவ்வொரு சோதனை ஓட்டமும் அந்த 20 லீற்றரில் கடித்துக்கொண்டு போகும். கார் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர்தான் ஓடியது. பழைய எஞ்சின் கிழண்டு போன பிறகும் இதைவிட நன்றாக ஓடியது.

சூடாகிறது என்றால் நம்மவர் கை முதலில் போவது ரேடியேற்றருக்குத்தான். என் கையும் அங்கேதான் போனது. ரேடியேற்றரைக் கழற்றி உள்ளே துப்புரவு செய்வித்தேன். தேர்மோஸ்டாற் மாற்றினேன். பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஏதோ ஒரு ஜப்பான் காரிலிருந்து கழற்றிய மின்விசிறி ஒன்றை வாங்கி வந்து முன்னால் பூட்டினேன். முள் கொஞ்சம் தாமதமாக ஏறியதே தவிர, ஏறாமல் விடவில்லை. ஏ 12இன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். பழைய மைனரின் இரும்பு ஹெட் சூட்டைத் தாங்கிக்கொள்கிற மாதிரி இது தாங்காது, வளைந்துவிடும். அந்தப் பயம் வேறு.

டைமிங்கில், அதாவது பிளக்கில் பொறி விழுகிற நேரத்தில், கோளாறு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம் இருந்தது. எஞ்சின் வைத்த கராச்சில், என் கண் முன்னால், டைமிங் லைற் (பொறி விழும்போதெல்லாம் மினுங்கும் விளக்கு) அடித்து, பிஸ்டன் உச்சிக்கு வர 8 டிகிரி முன்னால் பொறி விழும்படி வைத்தார்கள். எஞ்சினின் முன்னால் சுற்றும் சக்கரத்தின் பள்ளமும் மூடியில் இருக்கும் சுட்டியும் கணக்காக நின்றதை நானே குனிந்து பார்த்தேன். கண்ணால் கண்டதை எப்படிச் சந்தேகப்படுவது?

கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். கராச்சை மகனிடம் கொடுத்துவிட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். நண்பர் ஒருவர் சொல்லி அவரிடம் போனேன். நான் காரை நிறுத்தப் போக, "நிப்பாட்ட வேணாம், ஓடட்டும்" என்றார். பொனற்றைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா நின்று கேட்டார். பிறகு டிஸ்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் பாகம்) கிளாம்பை மெல்லத் தளர்த்தி, அதன் உடம்பை வலப்பக்கமாக ஒரு நகக்கண் அளவு திருப்பினார். சத்தமே மாறிவிட்டது. எஞ்சின் தானாக வேகம் எடுத்தது, நடுக்கம் நின்றது.

"கரண்ட் பிந்தி வருது தம்பி" என்றார்.

"லைற் அடிச்சு 8இல வச்சிருக்கு ஐயா. நானும் பார்த்தனான்."

"லைற் பொய் சொல்லாது. லைற் எதைப் பார்க்குதோ அது பொய் சொல்லலாம்." குனிந்து முன்னால் காட்டினார். "இந்தப் புளி யாரோடது?"

கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் பெல்ட் ஓடுகிற புளியைத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கராச்சின் பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால், பதினோராவது வரியில் இருக்கிறது: புளி, 1. எஞ்சினோடு வந்த புளி விளிம்பில் உடைந்திருந்ததால், பழைய சாமான்களுக்குள் பொருந்துகிற ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதே குடும்பத்து எஞ்சினின் புளிதான், ஆனால் டைமிங் பள்ளம் வேறு இடத்தில் வெட்டப்பட்டது. பெல்ட் ஓடும், அச்சில் பூட்டுகிற சாவி பொருந்தும், லைற்றும் அடிக்கும். எதுவுமே தப்பாகத் தெரியாது.

எஞ்சின் மாற்றிய காருக்கு டைமிங் வைக்கிறவர்கள் லைற்றைக் கையில் எடுப்பதற்கு முன்பு, ஒன்றாம் பிஸ்டனின் உண்மையான உச்சியைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கராச் பேச்சில் டொப் டெட் சென்டர். வந்த எஞ்சின் எத்தனை கை மாறியது, யார் எதைக் கழற்றி எதைப் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? சுட்டி இருக்கும் மூடிக்கும் புளிக்கும் பிறந்தபோதிருந்த பொருத்தம் இன்னும் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உச்சியைக் கண்டுபிடிக்கப் பிளக் துவாரத்தில் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார்கள் சிலர். அது ஏறக்குறையச் சரி, அவ்வளவுதான். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் சில டிகிரிகளுக்கு அசையாத மாதிரியே நிற்கும். குச்சி எந்த இடத்தில் ஏறுவதை நிறுத்தியது, எந்த இடத்தில் இறங்கத் தொடங்கியது என்று கண்ணால் பிடிக்க முடியாது. பெரியவர் காட்டிக் கொடுத்த வழி வேறு. ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் ஒரு நீளமான போல்ற்றைப் பூட்டினார். முனையை அரத்தால் உருண்டையாக்கினார். அதை ஒன்றாம் சிலிண்டரில் முடுக்கினால் பிஸ்டன் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே அதில் முட்டி நின்றுவிடும்.

எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு (எஞ்சின் ஆறிய பிறகு, சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை உரிந்து வரலாம்) எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். முட்டியதும் சுட்டிக்கு நேரே புளியில் ஒரு கோடு. பிறகு எதிர்ப்பக்கம் சுற்றி, மறுபடி முட்டுகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் இருப்பதுதான் உண்மையான உச்சி. எதிர்ப்பக்கம் சுற்றும்போது ஸ்பானரை முன் போல்ற்றில் போட்டுத் திருப்பினால் போல்ற்றே தளரக்கூடும். அதனால் கியரை நாலில் போட்டுவிட்டுக் காரைப் பின்னால் தள்ளினோம். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. போல்ற் உள்ளே இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் பிஸ்டனில் ஓட்டைதான்.

என் புளியின் விட்டம் 125 மில்லிமீற்றர். சுற்றளவு 393. அதை 360ஆல் பிரித்தால் ஒரு டிகிரிக்கு 1.09 மில்லிமீற்றர். ஒரு கடதாசிப் பட்டியில் இந்தக் கணக்கைப் போட்டு, புளியைச் சுற்றி ஒட்டினேன். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது புளியின் பள்ளம் சுட்டிக்கு வந்தே சேரவில்லை. 13 மில்லிமீற்றர் பின்னால் நின்றது. 12 டிகிரி. அதாவது லைற்றில் உச்சிக்கு 8 டிகிரி முன்னால் என்று தெரிந்தபோது, உண்மையில் பொறி விழுந்தது உச்சியைக் கடந்து 4 டிகிரிக்குப் பிறகு.

சூட்டுக்குக் காரணம் அதுவேதான். பெற்றோலும் காற்றும் ஒரே நொடியில் வெடித்து முடிவதில்லை, எரிவதற்கு நேரம் எடுக்கும். 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்ற 20 மில்லி செக்கன்தான். அதனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே பற்றவைத்தால்தான், அது இறங்கத் தொடங்கும் நேரத்தில் அழுத்தம் உச்சத்துக்கு வரும். ஊஞ்சல் திரும்பிப் போகத் தொடங்கும்போதே தள்ள வேண்டும், போன பிறகு தள்ளி என்ன பயன்? பிந்தி எரிகிற நெருப்பு பிஸ்டனைத் தள்ளுவதை விட்டுவிட்டு சிலிண்டர் சுவரையும் எக்ஸோஸ்ற் வழியையும் சுடுகிறது. போதாத இழுவைக்காக நாம் அக்ஸிலரேற்றரை இன்னும் அமத்துகிறோம், இன்னும் பெற்றோல் போகிறது, இன்னும் சூடு. ரேடியேற்றர் பாவம், அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சரி, உச்சி கிடைத்துவிட்டது, இனி லைற் அடித்து வைத்துவிடலாம் என்று பார்த்தேன். பெரியவர் விடவில்லை. "முதல்ல பொயின்ற்றைப் பார்." பொயின்ற் என்பது டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை, அது திறக்கும் கணத்தில்தான் பொறி விழும். அதன் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும். இடைவெளி கூடினால் சீக்கிரம் திறக்கும், பொறி முந்தும். ஆகவே பொயின்ற் முதலில், டைமிங் பிறகு. தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை செய்ய வேண்டி வரும். ஏ 12க்கு இடைவெளி 0.45இலிருந்து 0.55 மில்லிமீற்றர்.

டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பொயின்ற் கருகிப் போயிருந்தது. போட்டு மூன்று கிழமை கூட ஆகவில்லை. இதற்கும் எஞ்சின் மாற்றம்தான் காரணம். நிசானோடு வந்த கொயில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ற்றைத் தரும் பாகம்) 1.5 ஓம். அது கரண்டைக் குறைக்கும் ஒரு பலாஸ்ற் ரெசிஸ்ரர் வழியாகக் கரண்ட் வாங்கப் பிறந்தது. மைனரின் வயரிங்கில் அப்படி ஒன்று கிடையாது, 12 வோல்ற் நேரே போகிறது. 4 அம்பியர் போக வேண்டிய பொயின்ற்றில் 8 அம்பியர் போனால் கருகாமல் என்ன செய்யும்? 3 ஓம் கொயில் ஒன்றைப் போட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. கொயில் வாங்கும்போது மீற்றர் வைத்து ஓம் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாத்துக்கும் போகும்" என்று சொன்னால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

மைனர்க்காரர்களுக்கு இன்னொன்று. இந்தக் கார்கள் பிறப்பில் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். நிசான் எஞ்சினோடு ஒல்ரனேற்றர் வரும்போது நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றியே ஆக வேண்டும். பற்றரியை மாற்றிப் போட்டவர்கள் பழைய கொயிலையே வைத்துக்கொண்டால், அதன் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்ற மறந்துவிடுவார்கள். எஞ்சின் ஓடும், ஆனால் பொறி பலமில்லாமல் விழும்.

பிளக் வயர்களின் வரிசையையும் சரிபார்த்தோம். இந்த டிஸ்ரிபியூட்டரில் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே 1-3-4-2 என்று இடப்பக்கமாகப் போக வேண்டும். பழக்கத்தில் வலப்பக்கமாகப் போட்டுவிட்டால் 1உம் 4உம் சரியாக இருக்கும், 3உம் 2உம் இடம் மாறிவிடும். இரண்டு சிலிண்டரில் ஓடி, கார்புரேற்றரால் இருமும். டிஸ்ரிபியூட்டர் உடம்பை ரோட்டர் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும், கூடவே திருப்பினால் பிந்தும். அந்தப் பெரியவர் வலப்பக்கம் திருப்பியது அதனால்தான்.

லைற் இல்லாமல் முதலில் ஏறக்குறைய வைக்க, ஒரு 12 வோல்ற் பல்ப் போதும். கொயிலின் பொயின்ற் பக்கத்து முனைக்கும் ஏர்த்துக்கும் இடையில் பல்ப்பைப் போட்டு, சாவியைத் திறந்து வைத்து, புளியை 8 டிகிரியில் நிறுத்துங்கள். நிறுத்தும்போது எஞ்சின் ஓடுகிற திசையிலேயே சுற்றி வந்து நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குப் போய்த் திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயினின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். ஒன்றாம் சிலிண்டர் அமுக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பிளக் துவாரத்தில் பெருவிரலை வைத்தால் தெரியும், காற்று விரலைத் தள்ளும். இப்போது டிஸ்ரிபியூட்டரைத் திருப்ப, பல்ப் எரிகிற அந்தக் கணம்தான் பொயின்ற் திறக்கிற கணம். அங்கே இறுக்கிவிட்டால் எஞ்சின் முதல் அடியிலேயே பற்றும்.

லைற் வேலையை இரவில் எங்கள் ஒழுங்கையில் வைத்துக்கொண்டேன். கொழும்பு வெயிலில் லைற்றின் ஒளி தெரியாது. புது உச்சிக் கோட்டுக்கு மனைவியின் வெள்ளை நகப்பூச்சு. கார்புரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வெக்கியூம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு, 700 ஆர்பிஎம்மில் 8 டிகிரி. ஒரு எச்சரிக்கை: அந்த மினுக்கு வெளிச்சத்தில் புளியும் விசிறியும் நின்றுவிட்ட மாதிரியே தெரியும். சாரத்தோடு குனிந்து நின்ற என்னைப் பார்த்து அம்மா கத்தியது சரிதான்.

8 டிகிரி என்பதும் பாதிக் கதைதான். வேகம் கூடக் கூட டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரிந்து பொறியை இன்னும் முந்தச் செய்ய வேண்டும். 3000க்கு மேலே ஏற்றிப் பார்த்தால் என்னுடையது 20ஐத் தாண்டவே இல்லை. பல வருடம் சும்மா கிடந்த எஞ்சினில் அந்த எடைகள் பிசின் பிடித்து இறுகியிருக்கும். தட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சொட்டு மெல்லிய ஒயில் விட்டதும் 30 வந்தது. ரோட்டரைக் கையால் திருப்பிவிட்டால் சட்டென்று திரும்பி வர வேண்டும், சோம்பலாக வந்தால் உள்ளே அழுக்கு. வெக்கியூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தேன், காற்றுத் தாராளமாக வந்தது. உள்ளே இருக்கும் சவ்வு, டயஃபிரம், கிழிந்திருக்கிறது. அதற்கு மாற்று தேட இரண்டு மாதம் ஆனது.

என் அபிப்பிராயத்தில், எஞ்சின் மாற்றிய காருக்கு வேகத்தில் வருகிற இந்த மேல் எண்தான் முக்கியம். புத்தகத்தில் இருக்கும் கீழ் எண், தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்கும் எஞ்சினுக்கு எழுதப்பட்டது. நம்முடையதில் யாருடைய டிஸ்ரிபியூட்டர், எந்த ஸ்பிரிங் என்று தெரியாது. மேலே 30க்குள் நிறுத்திவிட்டு, கீழே என்ன வருகிறதோ அதை ஏற்றுக்கொள்வது பாதுகாப்பு.

இனி ரோட்டில் பார்க்க வேண்டும். கொழும்பு தட்டையான ஊர். மரின் டிரைவில் எவ்வளவு ஓடினாலும் எஞ்சினுக்குச் சுமை தெரியாது. தெஹிவளை மேம்பாலம் கூட ஒரு ஏற்றமா என்ன? மூன்று கிழமை பெற்றோலை மிச்சம் பிடித்து, ஒரு ஞாயிறு விடிய முன்பே கண்டி வீதியில் புறப்பட்டேன். மாவனெல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவ ஏற்றத்தில், நாலாம் கியரில், வேகத்தைக் குறைத்துவிட்டு அமத்திப் பார்த்தேன். டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு மெல்லிய கிலுகிலுப்பு. நொக்கிங், பொறி அளவுக்கு மீறி முந்துவதன் அடையாளம். வண்டியில் 92 ஒக்டேன் பெற்றோல். ஓரமாக நிறுத்தி, கிளாம்பைத் தளர்த்தி, 2 டிகிரி பின்னுக்கு எடுத்தேன். மறுபடி கொஞ்சம் கீழே இறங்கி வந்து ஏறினேன். சத்தமில்லை. நொக்கிங்கை இன்னும் தாங்கும் 95 போட்டால் அந்த 2 டிகிரியையும் திரும்ப எடுக்கலாம்தான், ஆனால் விலையைப் பார்த்து நான் 6 டிகிரியோடு சமாதானமாகிவிட்டேன்.

முள் நடுவில் நின்றது. ஏற்றத்திலும், இறங்கி வந்து கொழும்பு வாகன நெரிசலில் நின்றபோதும். இப்போது லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வருகிறது.

போன மாதம் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனபோது பெரியவரிடம் காட்டினேன். எஞ்சினை விட்டுவிட்டு நேரே புளியைத்தான் பார்த்தார். "பழைய பள்ளத்தை என்ன செய்தீங்க தம்பி?" என்று கேட்டார். அப்படியே இருக்கிறது என்றேன். உள்ளே போய் ஒரு எப்பொக்ஸிக் குழாயை எடுத்து வந்து கையில் தந்தார். பூசி அடைத்துவிட்டு, அரத்தால் சமப்படுத்தி, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்துவிட்டேன்.